புதிய ஹைலக்ஸ் வரட்டும் என்று இருக்கவா, இருப்பதை வாங்கவா? மட்டக்களப்பு, அம்பாறையில் கெப், ஜீப் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2004 சுனாமிக்குப் பிறகு எட்டு வருடம் ஒரு நிவாரண நிறுவனத்துக்கு டபுள் கெப் ஓட்டினேன். வாகரையிலிருந்து பாணமை வரை மழையிலும் வெயிலிலும் ஓடிய ஓட்டம் அது. இப்போது வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்கிறேன். அறுவடைக் காசு கைக்கு வரும் நாட்களில் எனக்கு நிறைய அழைப்புகள் வரும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து தம்பிமார், ஓட்டமாவடியில் இருந்து காக்காமார், திருக்கோவில் பக்கத்துச் சொந்தங்கள் என்று பலரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

காசு கையில் இருக்கிறது. இப்போதுள்ள மாடலை வாங்கவா, புதியது வரும்வரை பொறுக்கவா?

நான் திருப்பி ஒன்று கேட்பேன். இப்போது உங்கள் வளவில் ஓடுகிற நிலையில் என்ன நிற்கிறது?

ஒன்றும் இல்லை, அல்லது நிற்பது அடுத்த மாரியைத் தாங்காது என்றால், இப்போதுள்ள மாடலையே வாங்குங்கள். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் விதைநெல்லும் பசளையும் வயல் வட்டைக்குப் போயே ஆக வேண்டும். எந்தக் கம்பனியின் புதிய மாடலுக்காகவும் மழை பொறுக்காது.

ஓடக்கூடிய வாகனம் ஒன்று இருந்தால் பொறுக்கலாம். ஆனால் புதிய மாடல் கொழும்பில் இறங்கும் நாள் வரைக்கும் பொறுத்தால் போதாது. அது இங்கே இரண்டு மாரி ஓடி முடியும்வரை பொறுங்கள். அதற்குள் அதன் வருத்தம் என்ன என்று கல்முனைக் கராஜ் பாஸுக்கும் செங்கலடி கராஜ் பாஸுக்கும் தெரிந்திருக்கும். உதிரிப்பாகம் கடைக்கு வந்திருக்கும். முதல் சொந்தக்காரர் ஒருவர் விற்கவும் தொடங்கியிருப்பார்.

நீங்கள் காத்திருந்து பார்த்ததுண்டா?

உண்டு. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

2019 கடைசியில் என்னிடம் ஒரு பழைய டொயோட்டா ஹைலக்ஸ் விகோ (2015க்கு முந்தைய மாடல்) இருந்தது. எஞ்சின் நல்லது, வெளி உடல் மட்டும் கொஞ்சம் கறள். அடுத்த வருடம் ஹைலக்ஸின் முகமும் எஞ்சினும் மாறப்போகிறது என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டது உண்மைதான். 2020 நடுவில் டொயோட்டா அதை மாற்றியது, 2.8 லீற்றர் டீசலின் வலு 204 குதிரைவலுவுக்கு ஏறியது. நான் 2020 தை மாதமே விகோவை நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டு, ஒரு வாகன விற்பனை நிலையத்தில் முற்பணம் கட்டினேன். மார்ச் மாதம் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது.

நான் நினைத்தது ஆறு மாதம். நடந்தது ஐந்து வருடம். தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். கட்டிய முற்பணத்தைத் துண்டு துண்டாகத் திருப்பி எடுக்கவே பதினொரு மாதம் போனது. அதற்குள் நான் விற்ற அதே விகோவின் விலை, நான் விற்ற காசை விட மேலே போய்விட்டது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது, கையில் இருந்த காசுக்கு லேண்ட் மாஸ்டர் என்ற இரு சில்லு உழவு இயந்திரம் ஒன்றுதான் சரி என்றானது. அந்த வருடங்களில் குருமண்வெளித் துறையில் பாதை (வாவி கடக்கும் மிதவை) ஏறி, மோட்டார் சைக்கிளில் ஒரு தடவைக்கு ஒரு பை பசளையாக மண்டூருக்குக் கொண்டு போனேன். பைக்குள் ஈரம் இறங்காமல் இருக்க என் மனைவி பழைய லயிலோன் சீலையைச் சுற்றிக் கட்டித் தருவார். ஓடுகிற வாகனத்தை விற்றுவிட்டு, வராத வாகனத்துக்குக் காத்திருந்த ஐந்து வருடம் அது.

ஆகவே, அடுத்த வாகனத்தின் திறப்பு உங்கள் கைக்கு வரும்வரை நிற்கிற வாகனத்தை விற்காதீர்கள்.

புதிய ஹைலக்ஸில் உண்மையில் என்ன புதிது?

இப்போது நம் தெருக்களில் ஓடும் எட்டாம் தலைமுறை 2015இல் வந்தது. ஒன்பதாவதை 2025 நவம்பரில் பாங்கொக்கில் காட்டினார்கள். தாய்லாந்தில் அதற்கு ட்ராவோ என்று பெயர். முகம் முழுதாக மாறியிருக்கிறது. டாஷ்போட்டும் திரையும் புதிது. ஸ்ரியரிங் எண்ணெய் அமுக்கத்தில் வேலை செய்த காலம் போய் மின்மோட்டாருக்கு மாறியிருக்கிறது. முழு மின்சார வகையும் ஒன்று உண்டு.

மாறாதது எது என்பதுதான் நமக்கு முக்கியம். அடியில் அதே ஏணிச் செசி, அதாவது பாரம் தாங்கும் ஏணி வடிவ இரும்புச் சட்டம். டீசல் வகைக்குப் பின்னால் அதே பட்டை வில் (லீஃப் ஸ்பிரிங்). முன்னால் அதே 2.8 லீற்றர் டீசல். நீங்கள் இப்போதைய மாடலை வாங்கினால் இழப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற பகுதி. சேற்றில் இழுக்கிற பகுதியில் பெரிய வித்தியாசம் இல்லை. வயலுக்கும் வாடிக்கும் ஓடுகிறவருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. பழையதை வாங்கினாலும் அதன் எஞ்சின் இன்னும் பல வருடம் உற்பத்தியில் உள்ள எஞ்சின், பாகம் வற்றாது.

ஸ்ரியரிங் விடயத்தில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. எண்ணெய் ஸ்ரியரிங்கில் குழாய் கசிந்தால் நம் கராஜில் அரை நாளில் சரி செய்வார்கள். மின் ஸ்ரியரிங் ஹைலக்ஸில் நம் பக்கத்துக் கை பழகச் சில காலம் ஆகும். இரண்டு மாரி பொறுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கு ஃபோர் வீல் தேவையா என்றே தெரியவில்லை. எப்படித் தீர்மானிப்பது?

வருடத்தில் எத்தனை நாள் நீங்கள் உண்மையில் சேற்றுக்குள் இறங்குகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். கல்முனை, அக்கரைப்பற்று, காத்தான்குடி என்று கரையோரம் கடை வைத்திருப்பவர், மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குள் நெல் ஏற்றப் போகிறவர், இவர்களுக்குப் பட்டா என்ற சின்ன லொறி அல்லது இரு சக்கர இழுவைச் சிங்கிள் கெப் போதும். வாங்கும் காசும் குறைவு, ரயர் செலவும் குறைவு.

கிரான் தாண்டிப் புலிபாய்ந்தகல், குடும்பிமலை, வடமுனைப் பக்கம் மாடும் வயலும் வைத்திருப்பவருக்கு இதைச் சொல்ல மாட்டேன். உன்னிச்சைக்கு அப்பால், தாந்தாமலைக்கு அப்பால் என்றாலும் அப்படித்தான். அங்கே ஃபோர் வீலும் லோ கியரும் இல்லாமல் மார்கழியில் பால் கேன் ஒன்றைக்கூடத் தெருவுக்குக் கொண்டு வர முடியாது.

2021, 2022 ஆண்டு வாகனம் தேடுகிறேன். ஏன் கிடைக்கவில்லை?

இறக்குமதி நின்றிருந்ததால்தான். 2020 மார்ச்சுக்கு முன் வந்தவை ஒரு கூட்டம், 2025க்குப் பின் வந்தவை இன்னொரு கூட்டம். நடுவில் அனேகமாக வெறுமை. பாவித்தது வாங்குகிறவர் ஆறு வயதுக்கு மேற்பட்டதையோ, புத்தம் புதியதுக்குக் கிட்டிய விலையுள்ளதையோதான் பார்க்க வேண்டியிருக்கிறது. யாராவது "2022 மாடல், குறைந்த விலை" என்று சொன்னால், பதிவுச் சான்றிதழில் உற்பத்தி ஆண்டையும் முதல் பதிவுத் திகதியையும் உங்கள் கண்ணால் பாருங்கள்.

பாவித்த டபுள் கெப்பில் முதலில் எங்கே பார்ப்பது?

பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். ஒரு பாயும் ரோர்ச்சும் சிறு சுத்தியலும் எடுத்துக்கொண்டு அடியில் படுங்கள்.

நம் மாவட்டங்களில் கெப்புக்கு இரண்டு எதிரி. ஒன்று மீன். கடற்கரையில் மீன் ஏற்றிய கெப்பின் தட்டில் இருந்து ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் வருடக்கணக்காகச் செசிக்கு மேல் சொட்டியிருக்கும். பின் அச்சுக்கு மேலே செசி வளைந்து ஏறும் இடத்தில்தான் அது தேங்கும். வெளியே கறுப்பு மை அடித்து மினுக்கியிருப்பார்கள். சுத்தியலால் அங்கே மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு 'டிங்' என்று கணீரென ஒலிக்கும். உள்ளே உரிந்த இரும்பு 'டொப்' என்று அமுங்கிய சத்தம் தரும், துவாரத்தால் கறள் தூள் கொட்டும். போன வருடம் வாழைச்சேனையில் ஒரு வாகனம் பார்க்கப் போனோம். தட்டிய மூன்றாவது தட்டில் ஒரு கைப்பிடி செந்தூள் என் சட்டைக்குள் விழுந்தது. கூட வந்த தம்பி முற்பணக் காசை எடுத்த பைக்குள்ளேயே திருப்பி வைத்தான். முகமும் சீட்டும் புதிது போல இருந்த வாகனம் அது.

மற்றது வெள்ளம். சாரதி இருக்கைப் பட்டியை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள். கழுவுகிறவர் கண்ணுக்குத் தெரிகிற பகுதியை மட்டும் கழுவுவார். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். இருக்கை ஓடும் தண்டவாளத்தில் கறள் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு பின் டிஃபரன்ஷியலின் (அச்சின் நடுவில் உள்ள கியர் உருண்டை) நிரப்பும் ஆணியைக் கழற்றி விரலை விட்டு எண்ணெயைப் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் ஏறியிருக்கிறது. முன் டிஃபரன்ஷியலையும் கியர்ப் பெட்டியையும் அப்படியே பாருங்கள். ஆணியைக் கழற்ற விடமாட்டேன் என்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

எஞ்சினில் ஒரு விடயம். விகோ காலத்து 2.5, 3.0 டீசல்களுக்கு டைமிங் பெல்ட். அதை 150,000 கிலோமீற்றர் அளவில் மாற்ற வேண்டும். எப்போது மாற்றியது என்று பற்றுச்சீட்டு இல்லையானால் மாற்றவில்லை என்றே வைத்து, அந்தச் செலவை விலையில் கழியுங்கள். 2015க்குப் பின் வந்த 2.4, 2.8 எஞ்சின்களுக்குச் சங்கிலி. அந்தக் கவலை இல்லை.

கடைசியாகக் கடதாசி. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நடுவில் நாலு பேர் கைமாறி, எல்லாரும் தங்கள் பெயருக்கு மாற்றாமல் ஓபன் பேப்பரில் வைத்திருந்த வாகனம் என்றால், சான்றிதழில் உள்ள ஆளை நேரில் காணாமல் காசு கொடுக்க வேண்டாம்.

ஃபோர் வீல் வாங்கினால் வெள்ளத்துக்குள் இறக்கலாம்தானே?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் எப்போதும் நேரம் எடுத்துப் பதில் சொல்வேன்.

ஹைலக்ஸ் 700 மில்லிமீற்றர் ஆழம்வரை தண்ணீரில் போகலாம் என்று கம்பனி சொல்கிறது. அது நின்ற தண்ணீர், உறுதியான அடித்தளம், மெல்லிய வேகம் என்பதை வைத்துச் சொன்ன அளவு. கிட்டங்கித் தாம்போதியிலோ மண்டூர் வெல்லாவெளி வீதியிலோ மாரியில் இருப்பது ஓடுகிற தண்ணீர். கெபின் தளத்தைத் தண்ணீர் தொட்ட பிறகு ஏறும் ஒவ்வொரு பத்து சென்ரிமீற்றரும் பல நூறு கிலோ பாரத்தை ரயரில் இருந்து தூக்கிவிடும். இரண்டு தொன் வாகனம் ரயர் நிலத்தில் அழுந்தாத படகாகிறது. அப்புறம் நாலு சில்லும் இழுத்து என்ன, ஆறு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம்தான் போகும்.

2024 நவம்பர் 26 அன்று காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில், மத்ரஸாவில் இருந்து வீடு திரும்பிய பிள்ளைகள் ஏறிய உழவு இயந்திரத்தை வெள்ளம் புரட்டியது. பிள்ளைகளை இழந்தோம். உழவு இயந்திரம் கெப்பை விட உயரமானது, சில்லும் பெரியது. அந்த வீதியால் அதற்கு முன் நூறு தடவை போனவர்கள்தான் நம் எல்லாரும்.

என் அளவு இதுதான்: ஓடுகிற தண்ணீர் முழங்காலுக்குக் கிட்ட வந்துவிட்டால் திரும்பிவிடுவேன். தெருவின் இரு ஓரமும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் முழங்கால் ஆழம் இல்லாவிட்டாலும் திரும்புவேன். குளத்து வான்கதவு திறந்த செய்தி கேட்டால் அன்றைக்கு வெளிக்கிடவே மாட்டேன். ஏற்றியிருப்பது நெல்லா, நோயாளியா என்பதால் இந்த அளவு மாறாது. நோயாளிக்குப் படகு கேளுங்கள்; கிரான் பக்கத்தில் மாரியில் படகுதான் வழி.

நின்ற தண்ணீரில் போய் வந்தாலும் ஒரு வேலை இருக்கிறது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே உள்ள காற்றுச் சுருங்கி, மூச்சுக் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். வாங்கிய கிழமையே அந்த மூச்சுக் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். அது தாழ்வாக இருந்தால், றப்பர்க் குழாய் போட்டு எஞ்சின் அறைக்குள் உயரத்தில் கட்டச் சொல்லுங்கள். சிறு செலவு.

சுசுகி ஜிம்னி எப்படி?

தனி ஆளுக்கு, சின்னக் குடும்பத்துக்கு, நல்ல வாகனம். சிறிதாக இருந்தாலும் ஏணிச் செசி, லோ கியர், நிலத்தில் இருந்து 210 மில்லிமீற்றர் உயரம் எல்லாம் உண்டு. வரம்போரப் பாதையில் பெரிய கெப் திரும்ப முடியாத இடத்தில் திரும்பும். ஆனால் பின் இருக்கையை நிமிர்த்தினால் சாமான் வைக்க 85 லீற்றர்தான் இடம். ஒரு பை நெல்லை அதற்குள் வைத்துப் பாருங்கள், புரியும். வயல் வேலைக்கு அது இரண்டாவது வாகனமாகத்தான் சரி.

ஐந்து கதவு ஜிம்னி 2023இல் இந்தியாவில் வந்தது. வீட்டில் வயதானவர் இருந்தால் மூன்று கதவில் பின்னால் ஏற்றி இறக்குவது கஷ்டம், ஐந்து கதவே பாருங்கள். இதே ஐந்து கதவை 2025 தையில் ஜப்பானில் அறிவித்தபோது நாலைந்து நாளில் 50,000 ஓடர் வந்து, சுசுகி ஓடர் எடுப்பதையே நிறுத்த வேண்டி வந்தது.

அடுத்த தலைமுறை ஜிம்னிக்குக் காத்திருக்க நினைப்பவர் இந்த வருடங்களைப் பாருங்கள்: 1970, 1981, 1998, 2018. அதன் தலைமுறைகள் வந்த கணக்கு இது. பிள்ளை பிறந்து பல்கலைக்கழகம் போகும் இடைவெளி. ஜிம்னி வேண்டும் என்றால் இருப்பதை வாங்குங்கள்.

மற்ற வாகனங்களில் காத்திருந்தவர்களுக்கு என்ன நடந்தது?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். பழைய லாண்ட் ரோவர் டிஃபென்டர் 2016 தை 29இல் நின்றது. அடுத்த டிஃபென்டரைக் காட்டியது 2019 செப்டெம்பரில். வந்தது நல்ல வாகனம், ஆனால் வேறு வாகனம். ஏணிச் செசி போய் ஒற்றை உடலாக வந்தது. சுத்தியலும் சாவியும் வைத்துத் தெருவோரம் திருத்தியவர்களுக்கு அது பொருந்தாது. மொன்டேரோ என்று நாம் சொல்லும் பஜெரோவின் உற்பத்தி 2021இல் முடிந்தது. புதியது வரும் என்று நம்பித் தன் மொன்டேரோவைக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அதே பழைய மொன்டேரோவை அதிக விலைக்குத் திரும்ப வாங்கினார்கள்.

டொயோட்டா பிராடோவில் காத்திருந்தவர்களுக்குப் பலன் கிடைத்தது என்று சொல்லலாம். 150 தொடர் 2009இல் இருந்து ஓடியது. 2023 ஓகஸ்டில் 250 தொடரைக் காட்டினார்கள், ஏணிச் செசியோடே வந்தது. ஆனால் வரியோடு அதன் விலை இங்கே ஒரு நல்ல வயற்கண்டத்தின் விலை. 2025 ஒக்டோபரில் காட்டிய சிறிய லாண்ட் குரூசர் எஃப்.ஜே. மேல்தான் எனக்கு ஆசை. 2.7 லீற்றர் பெற்றோல், நம் நாட்டில் பல பிராடோவில் ஓடிப் பழகிய எஞ்சின் குடும்பம். அதற்கும் நான் சொல்வது அதே இரண்டு மாரிதான்.

பழைய மிட்சுபிஷி 4டி.ஆர்.5 ஜீப்பையும் சொல்ல வேண்டும். அந்த ஜீப் உற்பத்தி 1998இல் முடிந்தது. அதற்கு மாற்றாக ஒன்றும் வரவில்லை. ஆனாலும் இன்று மகாஓயாப் பக்கமும் சாகாமப் பக்கமும் ஓடுகிறது, ஏனென்றால் அதன் பாகம் எல்லாம் யாரோ ஒருவர் கையால் செய்து தருகிறார். உங்களிடம் ஒன்று இருந்தால், கறள் பிடிக்காமல் இருந்தால், விற்க வேண்டாம்.

ஜப்பானில் இருந்து பாவித்த டீசல் ஹைலக்ஸ் அல்லது பிராடோ வந்தால் எடுக்கலாமா?

எடுக்கலாம், இரண்டு விடயம் தெரிந்துகொண்டு.

ஜப்பானில் விற்ற ஹைலக்ஸ், பிராடோ டீசலுக்குப் புகையைச் சுத்தமாக்க யூரியாக் கரைசல் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். அது முடிந்தால் வாகனம் எச்சரிக்கும். கவனிக்காமல் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. இது நாம் வயலுக்கு எறிகிற யூரியா அல்ல. பையில் உள்ள யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அதில் உள்ள அழுக்கும் பூச்சும் பம்பையும் ஊசியையும் அடைத்துவிடும். அந்தத் தொகுதியை மாற்றும் செலவில் ஒரு போகம் செய்யலாம். இதைக் கேட்டவர்களில் இரண்டு பேர் ஏற்கெனவே பசளைப் பையைப் பிரித்து வைத்திருந்தார்கள், அதனால் எழுதுகிறேன். சுத்தமான கரைசலை அடைத்த கேனில் வாங்கி, நிழலில் வையுங்கள்.

மற்றது புகைக்கரி வடிகட்டி. அதில் சேரும் கரியை எரிக்க வாகனம் இடைக்கிடை நல்ல வேகத்தில் நீளமாக ஓட வேண்டும். வீட்டுக்கும் வாடிக்கும் இடையில் நாளைக்கு மூன்று கிலோமீற்றர் ஊர்கிறவரின் வாகனத்தில் அது அடைபடும். கிழமைக்கு ஒருமுறை பொலன்னறுவை வீதியில் ஒரே சீராக அரை மணி நேரம் ஓடுங்கள். கந்தகம் குறைந்த சுப்பர் டீசல் ஊற்றுங்கள். இது முடியாது என்றால், வடிகட்டி இல்லாத வகையைத் தேடுங்கள்.

ஃபோர் வீலை எப்போதும் போட்டபடி ஓடலாமா?

ஹைலக்ஸிலும் ஜிம்னியிலும் கூடாது. முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்படும். காபட் வீதியில் திரும்பும்போது சில்லுகளுக்கு வெவ்வேறு தூரம் ஓட வேண்டும், ரயர் வழுக்க இடம் இல்லாததால் கியர்ப் பெட்டி முறுகும். சேறு, மணல், நனைந்த கிறவல் வந்ததும் போடுங்கள். தார் வந்ததும் எடுங்கள். மிட்சுபிஷியின் சுப்பர் செலக்ட் உள்ள வகைகளில் நடுவிலும் டிஃபரன்ஷியல் இருப்பதால் தாரிலும் போடலாம்.

போடாமலே விடுவதும் பிழை. வெயில் காலத்திலும் மாதத்துக்கு ஒருமுறை மணலில் போட்டுச் சிறிது தூரம் ஓடுங்கள், எண்ணெய் சுற்றட்டும்.

லீசிங் எடுத்து வாங்கலாமா?

வாகனப் பெறுமதியில் எவ்வளவுக்கு லீசிங் தரலாம் என்று மத்திய வங்கி உச்சவரம்பு வைக்கிறது. வகைக்கு ஏற்ப மாறும், அவ்வப்போது திருத்துவார்கள். போகும் நாளில் உள்ள வீதத்தைக் கேளுங்கள். வயல்காரருக்கு நான் சொல்வது: மாதத் தவணைக்குப் பதில் போகத்துக்கு ஒருமுறை கட்டும் முறை தருவார்களா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். நமக்கு வருமானம் வருடத்துக்கு இரண்டு தடவை. மாதத் தவணையில் எடுத்து, விதைப்புக் காலத்தில் கட்ட முடியாமல், சின்னக் கடைக்காரரிடம் வட்டிக்கு வாங்கிக் கட்டியவர்களின் வாகனம்தான் மாசியில் விற்பனைக்கு வருகிறது.

மின்சாரக் கெப்புக்குப் பொறுக்கலாமா?

கரையோரப் பட்டணத்துக்குள் ஓடுகிறவர் யோசிக்கலாம். படுவான்கரைக்கு இன்னும் இல்லை. வாடியில் விளக்குக்கே சூரியத் தகட்டை நம்பியிருக்கிறோம்.

பாணமை, ஒகந்தைப் பக்கம் சஃபாரி ஓட்ட வாங்குகிறேன். வேறு ஏதாவது?

குமண வனவிலங்குப் பூங்காவுக்குள் ஆட்களை ஏற்றுவதென்றால் எஞ்சினை விடப் பின் வில்லும் இருக்கை உயரமும் முக்கியம். நாள் முழுதும் மெல்ல ஓடும் வேலை. புதிய வாகனத்தை வாங்கி வெட்டி மாற்றாதீர்கள், பழைய செசி நல்லதாகப் பாருங்கள். மணலில் இறங்குமுன் ரயர்க் காற்றை 18, 20 இறாத்தலுக்குக் குறையுங்கள். திரும்பத் தாரில் ஏறுமுன் நிரப்ப ஒரு சிறு கொம்பிரஸர் வாகனத்திலேயே இருக்கட்டும்.

சரி, வாங்குவதாக முடிவு. எந்த மாதம் வாங்கலாம்?

சிறுபோக நெல் விற்றதும், ஆவணி புரட்டாதிக்குள். நிலம் காய்ந்திருக்கும், அடியில் படுத்துப் பார்க்கலாம், சிறு குறைகளைத் திருத்த ஒரு மாதம் கிடைக்கும். மாசியில் தவணை தவறிய வாகனங்கள் மலிவாக வரும். ஆனால் அவை அப்போதுதான் ஒரு மாரியைத் தாண்டி வந்தவை. மலிவு என்று ஓடாமல், மேலே சொன்ன எண்ணெய்ச் சோதனையை இரண்டு மடங்கு கவனமாகச் செய்யுங்கள்.

வாங்கிய கிழமையே எஞ்சின், கியர்ப் பெட்டி, இரண்டு டிஃபரன்ஷியல் எண்ணெயையும் மாற்றி, மாற்றிய கிலோமீற்றரைக் கதவு விளிம்பில் எழுதி ஒட்டுங்கள். இருக்கைக்குப் பின்னால் ஒரு மண்வெட்டி, இருபது முழம் தடித்த கயிறு, இரண்டு பலகைத் துண்டு வையுங்கள். முதல் மழை பெய்த மறுநாள், பாரம் ஏற்றாமல், உங்கள் வட்டைப் பாதையில் ஒருமுறை லோ கியரில் போய் வாருங்கள். எந்த இடத்தில் சில்லு சுழல்கிறது என்று அன்றைக்கே பார்த்து, அந்த இடத்துக்கு இரண்டு மெசின் (உழவு இயந்திரப் பெட்டி) கிறவல் கொட்டிவிடுங்கள்.